உறை எண் 493

போட்டியில் பிறந்த கட்டடங்கள் – 6

சிட்னி ஒபரா மாளிகையின் கதையைச் சென்ற அத்தியாயத்தில் முடித்தோம். 1957-ல் உலகப் போட்டியில் வென்ற யோர்ன் உட்சன், அரசோடு ஏற்பட்ட மோதலால் 1966-ல் பணியை விட்டு விலகினார். 1973-ல் மாளிகை திறக்கப்பட்ட நாளில் அவர் அங்கே இல்லை. கட்டடம் வென்றது, அதைக் கனவு கண்டவர் தோற்றுப்போனார்.

சர்வதேசப் போட்டி என்றாலே அரசுகள் தயங்கிய காலம் அது. நடுவர் குழு ஏதோ ஓர் அழகான படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடும். பிறகு வருகிற செலவையும் வசவையும் அரசுதான் சுமக்க வேண்டும் என்ற எண்ணம் பரவியிருந்தது. அந்தச் சூழலில்தான் பிரெஞ்சு அரசு, பாரிஸின் நடுமையத்தில் எழப்போகும் மாபெரும் பண்பாட்டு நிலையத்துக்கு உலகெங்குமுள்ள கட்டடக் கலைஞர்களை அழைத்தது.

வாகனங்கள் நின்ற மேடு

பாரிஸின் பழைய மொத்தச் சந்தையான லே ஆலுக்குக் கிழக்கே 'போபூர் மேடு' என்று ஓரிடம் இருந்தது. நெரிசலும் நோயும் மிகுந்த குடியிருப்பு என்று அறிவிக்கப்பட்டு, 1930-களில் அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே எதுவும் எழவில்லை. சந்தைக்கு வரும் லாரிகளும் கார்களும் நிற்கும் பொட்டலாகவே அது கிடந்தது.

1969 மார்ச்சில் மொத்தச் சந்தை நகருக்கு வெளியே ருங்கிஸுக்கு மாற்றப்பட்டது. பல நூற்றாண்டுகளாகப் பாரிஸுக்குச் சோறு போட்ட பகுதி திடீரென்று வெறிச்சோடியது. விக்தோர் பல்தார் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரும்புக் கொட்டகைகளை என்ன செய்வது என்ற சச்சரவும் தொடங்கியது. எதிர்ப்புகளை மீறி 1971-ல் அவற்றை இடிக்கத் தொடங்கினார்கள். நகரத்து மக்களின் மனத்தில் அது ஆறாத காயமாயிற்று. புதிய கட்டடத்தின் மீது பின்னால் விழுந்த கோபத்தில் ஒரு பங்கு, இந்த இடிபாட்டிலிருந்து வந்தது.

அதே 1969 ஜூனில் ழார்ழ் பொம்பிடூ பிரான்சின் குடியரசுத் தலைவரானார். அவர் இலக்கிய ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பு ஒன்றை 1961-ல் வெளியிட்டவர். நவீன ஓவியத்தில் தீராத ஆசை கொண்டவர். குடியரசுத் தலைவர் மாளிகையின் பழங்கால அறைகளுக்குள் சமகாலக் கலைஞர்களின் படைப்புகளைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நவீனக் கலையின் தலைநகரம் என்ற பெயர் பாரிஸிடமிருந்து நியூயார்க்குக்குப் போய்விட்டது என்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. அவர் பிரதமராக இருந்தபோது வெடித்த 1968 மே மாதக் கிளர்ச்சியும் நினைவிலிருந்து அகலவில்லை. பண்பாடு என்பது உயர்குடிக்கு மட்டும் திறக்கும் கதவாக இருக்கலாமா என்று மாணவர்கள் தெருவில் நின்று கேட்டிருந்தார்கள்.

1969 டிசம்பரில் முடிவு எடுக்கப்பட்டது. போபூர் மேட்டில் ஒரு பொது நூலகமும் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஒரே கூரையின் கீழ் அமையும். தொழில்துறை வடிவமைப்புக்கான மையமும், இசை ஆராய்ச்சிக்கான இடமும் அவற்றோடு சேரும். ஓவியமும் இசையும் திரைப்படமும் புத்தகமும் அக்கம்பக்கத்தில் வாழ வேண்டும் என்று 1972-ல் 'ல மோந்த்' நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் பொம்பிடூ தன் விருப்பத்தை விளக்கினார்.

கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள்

பிரான்சுக்குப் போட்டி புதிதன்று. 1860-ன் இறுதியில் பாரிஸ் ஒபரா மாளிகைக்கு அறிவிக்கப்பட்ட போட்டியில், அதிகம் அறியப்படாத 35 வயது ஷார்ல் கார்னியே வென்றார். ஆனால் அதன்பின் நூறாண்டுக் காலத்தில் அரசுக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தன. நுண்கலைக் கல்லூரியில் படித்து, 'ரோமாபுரிப் பரிசு' வென்று, அரசின் கட்டடக் கலைஞர் பட்டியலில் இடம்பிடித்தவர்களுக்கே பெரிய வேலைகள் கிடைத்தன. அந்தப் பரிசையே 1968-க்குப் பிறகு அரசு கைவிட்டது. வட்டம் உடைய வேண்டிய வேளை வந்திருந்தது.

பொம்பிடூ நினைத்திருந்தால் தனக்குப் பிடித்த ஒருவரை அழைத்து வேலையைக் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எந்த நாட்டவரும் பங்கெடுக்கலாம். பெயர் மறைத்து எண்ணால் மட்டுமே திட்டங்கள் அடையாளம் காணப்படும். நடுவர் குழுவின் முடிவை அரசு ஏற்கும். இவைதான் அடிப்படை விதிகள்.

இந்தப் போட்டியின் வெற்றிக்கு முதல் காரணம் வரைபடங்கள் வருவதற்கு முன்பே தொடங்கிய உழைப்பு. பிரான்சுவா லொம்பார் என்ற இளம் பொறியாளரும் அவருடைய குழுவும் தேவைகளைத் தொகுத்தார்கள். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு இடம், எந்தப் பிரிவு எதன் அருகில் இருக்க வேண்டும், வாசகர் எங்கே நுழைவார், ஓவியங்கள் எந்த வழியாக வரும், காலப்போக்கில் எது வளரும், எது சுருங்கும் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். கட்டடத்தின் தோற்றம் எப்படியிருக்க வேண்டும் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அதைக் கலைஞரின் பொறுப்பில் விட்டார்கள்.

சிட்னியின் போட்டிக் குறிப்பு மிகச் சுருக்கமானது. அரங்குகளின் அளவும் பயன்பாடும் கட்டுமானத்தின் நடுவே மாறிக்கொண்டே போனதை முன்பு பார்த்தோம். பாரிஸ் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டபின் உலகத்திடம் கேட்டது.

இரண்டாவது காரணம் நடுவர்கள். ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு ழான் ப்ரூவே தலைவர். அவர் உலோகத்தோடு வாழ்ந்தவர். கொல்லராகத் தொழில் பழகி, தகடுகளை வளைத்து நாற்காலியும் வீடும் செய்தவர். கட்டடக் கலைப் பட்டம் எதுவும் பெறாதவர். பிரேசிலின் ஆஸ்கர் நீமெயர், அமெரிக்காவின் பிலிப் ஜான்சன், பிரான்சின் எமில் அய்யோ ஆகிய கட்டடக் கலைஞர்கள் அவரோடு அமர்ந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் நகர அருங்காட்சியகத்தை உலகப் புகழுக்குக் கொண்டுவந்த வில்லெம் சாண்ட்பெர்க், லூவர் அருங்காட்சியகத்தின் மிஷெல் லக்லோத், பிரிட்டிஷ் மியூசியத்தின் முன்னாள் இயக்குநர் பிராங்க் பிரான்சிஸ், பெல்ஜிய அரச நூலகத்தின் ஹெர்மன் லீபார்ஸ், எழுத்தாளர் கேத்தான் பிக்கோன் ஆகியோர் மற்ற ஐவர். கட்டடத்தை வரைபவர்களும், அதற்குள் நாள்தோறும் வேலை செய்யப்போகிற வகையினரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அமைச்சர் எவரும் அந்த மேசையில் இல்லை.

தயங்கி வந்த அணி

லண்டனில் ஓவ் அருப் நிறுவனத்தின் பொறியாளர் டெட் ஹாப்போல்ட் இந்த அறிவிப்பைக் கண்டார். சிட்னி ஒபராவின் ஓடுகளை நிறுத்திக் காட்டிய நிறுவனம் அது. போட்டியில் இறங்க ஹாப்போல்டுக்குக் கட்டடக் கலைஞர்கள் தேவைப்பட்டார்கள். ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் அப்போதுதான் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். பியானோ ஜெனோவா நகரில் கட்டடம் கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர், வயது 33. ரோஜர்ஸ் புளோரன்சில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர், வயது 37. இருவருக்கும் கையில் பெரிய வேலை எதுவும் இல்லை.

ரோஜர்ஸுக்கு விருப்பமில்லை. ஒரு குடியரசுத் தலைவரின் நினைவுச்சின்னத்துக்காக ஏன் உழைக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பது சரியா, நூற்றுக்கணக்கானோர் மோதும் இடத்தில் ஜெயிக்க வாய்ப்புண்டா என்று தயங்கினார். மற்றவர்கள் பேசிப்பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜான்பிராங்கோ பிராங்கினியும், அருப் நிறுவனத்திலிருந்து பீட்டர் ரைஸும் சேர்ந்துகொண்டார்கள். அயர்லாந்துக்காரரான ரைஸ், சிட்னியின் கட்டுமானத் தளத்திலேயே தங்கி வேலை செய்தவர். ஒரு போட்டியின் காயத்தை நேரில் பார்த்தவர் அடுத்த போட்டிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அவர்கள் வரைந்தது மிக எளிய எண்ணம். கொடுத்த நிலத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியைத் திறந்த சதுக்கமாக மக்களுக்கு விட்டார்கள். கட்டடத்துக்குள் தூணே இல்லாத பெரிய தளங்கள். தூண், படி, குழாய், காற்றுப் போக்கி என எல்லாமும் வெளியே. உள்ளே இன்று நூலகம் இருக்கும் இடத்தில் நாளை கண்காட்சி வரலாம்; தடுப்புச் சுவர்களை நகர்த்தினால் போதும்.

1971 ஜூனில் போட்டி முடிந்தபோது 49 நாடுகளிலிருந்து 681 திட்டங்கள் வந்திருந்தன. முட்டை வடிவிலும் பிரமிடு வடிவிலும் பிரம்மாண்டச் சிற்பங்களாகவும் பல திட்டங்கள் நிலத்தை நிறைத்திருந்தன. நடுவர்கள் பாரிஸில் கூடிச் சலித்தெடுத்தார்கள். இறுதி வாக்கெடுப்பில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒரே திட்டத்தைத் தேர்ந்தார்கள். அது எண் 493. ஜூலை நடுவில் முடிவு அறிவிக்கப்பட்டபோது, அந்த எண்ணுக்குப் பின்னால் பியானோ, ரோஜர்ஸ், பிராங்கினி ஆகியோரும் அருப் நிறுவனமும் இருப்பது தெரிய வந்தது. பிரான்சின் தலைநகரில், பிரான்சின் பெருமைக்கான கட்டடம், இரண்டு இத்தாலியருக்கும் ஓர் ஆங்கிலேயருக்கும் போயிற்று.

பெயர் மறைத்த முறையின் முழுப் பயன் இதில் தெரிகிறது. பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்திருந்தால் இந்த அணி வாசலையே தாண்டியிருக்காது. தாள்களில் இருந்த எண்ணம் மட்டும் பேசியது.

தேர்வான திட்டத்தைப் பார்த்த பொம்பிடூ, இது கூச்சலைக் கிளப்பும் என்ற பொருளில் ஒரு வரி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவருடைய சொந்த ரசனைக்கு அது முழுக்கப் பொருந்தியதா என்பது வேறு கேள்வி. நடுவர் தீர்ப்பை ஏற்பதாகச் சொன்னவர், ஏற்றார்.

கூச்சலும் வழக்கும்

கூச்சல் கிளம்பத்தான் செய்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்றார்கள். குழாய்களின் நோத்ருதாம் என்றார்கள். எதிர்ப்பாளர்கள் சங்கம் அமைத்து வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். நடுவர் தலைவர் ப்ரூவே பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர் என்பதும் அவர்கள் கையிலெடுத்த வாதங்களில் ஒன்று. கையால் கற்ற ஒருவரை ஏட்டால் வீழ்த்தப் பார்த்தார்கள்.

இந்தப் புயலில் கட்டடக் கலைஞர்களுக்கு அரணாக நின்றவர் ரொபேர் போர்தாஸ். நிர்வாகச் சட்டத்தில் ஊறிய மூத்த அதிகாரி. இந்தக் கட்டடத்துக்காகவே உருவாக்கப்பட்ட பொது நிறுவனத்தின் தலைவராக இருந்தார். வழக்கை அவர் பார்த்துக்கொண்டார். அமைச்சகங்களோடு அவர் பேசினார். இளைஞர்களை வரையவும் கட்டவும் விட்டார். உட்சனுக்குச் சிட்னியில் கிடைக்காமல் போனது இப்படிப்பட்ட ஓர் ஆள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விட்டுக்கொடுத்தலும் இருந்தது. தீயணைப்பு விதிகளால் கட்டடத்தின் உயரம் குறைந்தது. மேலும் கீழும் நகரும் தளங்கள் என்ற கனவு கைவிடப்பட்டது. சதுக்கத்தைப் பார்த்த முகப்பு முழுவதும் செய்தியும் படமும் ஓடும் திரையாக இருக்கும் என்ற திட்டமும் நிறைவேறவில்லை. ஆனால் மூல எண்ணமான பாதி நிலம் சதுக்கம், தூணில்லாத தளம், வெளியே எலும்புக்கூடு ஆகிய மூன்றும் கைபடாமல் நின்றன.

உருக்கு வார்த்த கை

48 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூணும் இல்லாமல் எப்படிக் கடப்பது? ரைஸின் விடை 'கெர்பரெட்' என்ற உருக்குக் கை. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பாலப் பொறியாளர் ஹைன்ரிஷ் கெர்பரின் பெயரால் வந்த சொல். நம் ஊர்க் கிணற்று ஏற்றமரம் போல அது வேலை செய்கிறது. தூண்தான் தாங்கு மையம். கையின் குட்டையான உள்முனை, தளத்தைச் சுமக்கும் நீண்ட உத்தரத்தைத் தாங்குகிறது. நீளமான வெளிமுனையை ஒரு கம்பி தரையை நோக்கி இழுத்துப் பிடித்துச் சமன் செய்கிறது. ஒவ்வொரு கையும் சுமார் 8 மீட்டர் நீளம், 10 டன் எடை.

இந்தக் கைகளை வார்ப்பு உருக்கால் செய்ய வேண்டும் என்று ரைஸ் முடிவெடுத்தார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக் கட்டுமானத்தின் வார்ப்பு உருக்கு இணைப்புகளைப் பார்த்தது அவர் மனத்தில் பதிந்திருந்தது. கட்டடங்களில் வார்ப்பு வேலை 19-ஆம் நூற்றாண்டோடு போய்விட்டது என்று தொழில் உலகம் நினைத்திருந்த நேரம். அச்சில் ஊற்றி வார்த்த பொருளில் செய்தவரின் கைத்தடம் தெரியும், அப்போது இவ்வளவு பெரிய கட்டடமும் மனிதரை மிரட்டாது என்பது ரைஸின் நம்பிக்கை.

பிரெஞ்சு நிறுவனங்கள் கேட்ட விலை ஒதுக்கீட்டைத் தாண்டியது. வேலை ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்துக்குப் போனது. முதல் வார்ப்புகள் சோதனையில் எதிர்பார்த்த பளுவைத் தாங்காமல் உடைந்தன. உருக்கு ஏன் நொறுங்குகிறது என்று ஆராய்ந்து, வார்த்த துண்டுகளை மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தியபின்தான் சிக்கல் தீர்ந்தது. 45 மீட்டர் நீள உத்தரங்கள் ரயிலில் பாரிஸ் வந்து, அங்கிருந்து நகரம் உறங்கும் இரவு வேளைகளில் தெருக்கள் வழியாகத் தளத்துக்குச் சென்றன. தூண்களுக்குள் நீர் நிரப்பப்பட்டது. தீப்பிடித்தால் உருக்கு இளகாமல் அது காக்கும்.

வெளியே தெரியும் வண்ணங்களுக்கும் ஒழுங்கு உண்டு. நீலம் காற்று, பச்சை தண்ணீர், மஞ்சள் மின்சாரம், சிவப்பு மனிதரும் பொருளும் ஏறி இறங்கும் வழி. 166 மீட்டர் நீளம், 42 மீட்டர் உயரம் கொண்ட கட்டடம் தன் உடலை எதையும் மறைக்காமல் நகரத்துக்குக் காட்டி நின்றது.

தலைவர் இறந்த பிறகு

1974 ஏப்ரல் 2-ல் பொம்பிடூ பதவியில் இருக்கும்போதே காலமானார். உருக்குக் கட்டுமானம் எழத் தொடங்குமுன் தலைவர் போய்விட்டார். அடுத்து வந்த வலேரி ஜிஸ்கார் தெஸ்தேங்குக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. வேலையை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. பிரதமர் ழாக் ஷிராக் திட்டத்தின் பக்கம் நின்றார். பொம்பிடூவின் துணைவியார் குளோதும் விடவில்லை. 1975 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நிலையத்துக்கு அமைப்பும் பொம்பிடூவின் பெயரும் தந்தது.

1977 ஜனவரி 31-ல் ஜிஸ்காரே அதைத் திறந்துவைத்தார். தனக்கு விருப்பமில்லாத, முன்னவர் தொடங்கிய கட்டடத்தைப் பின்னவர் முடித்துத் திறந்தார். ஆட்சி மாறினாலும் அரசின் வாக்கு மாறக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நாளொன்றுக்கு 8,000 பேர் வருவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். 20,000-க்கும் அதிகமானோர் வந்தார்கள். திட்டித் தீர்த்த நகரம் வரிசையில் நின்றது. நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை, கட்டணம் இல்லை, அலமாரியிலிருந்து யாரும் புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம். மாணவரும் வேலை தேடுபவரும் அகதியும் வீடற்றவரும் அருகருகே அமர்ந்தார்கள். சதுக்கத்தில் தெருக்கலைஞர்கள் வித்தை காட்டினார்கள். நிலத்தின் பாதியை விட்டுக்கொடுத்த அந்த முடிவுதான் மிகச் சிறந்த கட்டட வேலை என்று காலம் தீர்ப்பளித்தது.

ஒரு முதிய பெண்மணி மேல்தளத்தில் உட்கார்ந்து, உருக்குக் கையைத் தன் விரல்களால் தடவிக்கொண்டிருந்ததைத் தான் கண்டதாக ரைஸ் தன் நூலில் எழுதியிருக்கிறார். அவருடைய நம்பிக்கைக்கு அது நேரடியான சாட்சி.

போட்டியின் கணக்கு

போபூர் போட்டிக்குப் பின் பிரான்ஸ் மாறியது. கட்டடக் கலை பண்பாட்டின் வெளிப்பாடு என்று 1977 ஜனவரியில் வந்த சட்டம் அறிவித்தது. 1980-களில் குடியரசுத் தலைவர் மித்தரானின் ஆட்சியில் சர்வதேசப் போட்டிகள் தொடர்ந்தன. லா வில்லெத் பூங்கா பெர்னார் சூமிக்குக் கிடைத்தது. பஸ்தீய் ஒபராவை உருகுவேயில் பிறந்து கனடாவில் இருந்த கார்லோஸ் ஓட் வென்றார். லா தெஃபான்சின் பெருவளைவை டென்மார்க்கின் ஸ்ப்ரெக்கெல்சன் வென்றார். பெயர் பெறாதவருக்கும் பெரிய வேலை கிடைக்கலாம் என்பது வழக்கமாயிற்று. பியானோ 1998-லும் ரோஜர்ஸ் 2007-லும் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 681 அணிகளில் கட்டியது ஒன்றுதான். மற்றவர்கள் இரவு பகலாக வரைந்த தாள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூலி இல்லை. வென்றவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை. ஹெல்சிங்கியில் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு நடந்த போட்டிக்கு 1,715 திட்டங்கள் குவிந்தன. 2015-ல் பாரிஸைச் சேர்ந்த மொரோ குசுநோகி அணி வென்றது. 2016-ல் நகர மன்றம் அந்தத் திட்டத்தையே வாக்கெடுப்பில் நிராகரித்தது. அத்தனை பேரின் உழைப்பும் காகிதத்தோடு நின்றது. பணத்துக்கும் மக்களின் ஒப்புதலுக்கும் வழி காணாமல் உலகத்தை அழைப்பது, கலைஞர்களின் உழைப்பை வீணடிப்பதாகும்.

அதே மொரோ குசுநோகி அணியின் கையில்தான் இப்போது போபூர் கட்டடம் இருக்கிறது. கல்நார் நீக்கவும் தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பிக்கவும் 2025-ல் கட்டடம் மூடப்பட்டது. 2030-ல் மீண்டும் திறக்கத் திட்டம். புதுப்பிக்கும் கலைஞர்களை 2024-ல் தேர்ந்தெடுத்ததும் ஒரு போட்டியின் வழியாகத்தான்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த போட்டிகளில் போபூர்தான் முழுமையானது என்பது என் முடிவு. தேவையைத் தெளிவாக எழுதினார்கள், தகுதியான நடுவர்களைத் தேர்ந்தார்கள், பெயரை மறைத்தார்கள், தீர்ப்பு வந்தபின் ஆறு ஆண்டுகள் அதன் பின்னால் உறுதியாக நின்றார்கள். முதல் மூன்றைப் பல அரசுகள் செய்கின்றன. நான்காவதைச் செய்கிற அரசுக்குத்தான் கட்டடம் கிடைக்கிறது.

(அடுத்த அத்தியாயம்: 1989 – அலெக்சாந்திரியா நூலகப் போட்டியும், அதில் வென்ற நார்வே இளைஞர்களும்.)